அட்டைப்பெட்டிக்கு என்ன சத்தம்

ஜனவரி 12

அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் கேடில்லை, அலுப்பு மட்டும்தான். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் மகள் பாப்பா முழுகாமல் இருப்பதாக எழுதியிருந்தாள். நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கட்டும்.

இந்தக் கப்பலோடு எனக்குப் போதும் அக்கா. ஜூலையில் ஒப்பந்தம் முடிகிறது. இனிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சீஃப் எஞ்சினீயரிடம் சொல்லிவிட்டேன். "கரையில போய் என்னய்யா பண்ணப் போற?" என்றார். "தூங்கப் போறேன் சார்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எஞ்சின் அறையில் காதடைப்பான் மாட்டிக்கொண்டுதான் ஸ்பேனரைத் தொடுகிறோம். ஆனால் என் படுக்கை அதற்கு நேர் மேலே. படுத்தால் தலையணை வழியாக எஞ்சின் மண்டைக்குள் ஏறிவிடுகிறது. நான் ஒழுங்காகத் தூங்கி எத்தனை வருஷம் ஆயிற்று என்றே தெரியவில்லை.

அதனால் ஒரு வீடு வாங்க வேண்டும். உன் ஊரிலேயே. நான் வந்து தேட ஆரம்பித்தால் அதுவரை எங்கே இருப்பேன்? நீதான் பார்க்க வேண்டும். பவர் பத்திரம் எழுதி அனுப்புகிறேன்.

எங்கள் சமையல்காரன் போட்டோவைப் பார்த்தே ஒரு வீட்டை வாங்கினான். இப்போது தட்டில் சோற்றைப் போடும்போதெல்லாம் அந்த வீட்டைத் திட்டிக்கொண்டே போடுகிறான். "சட்டைன்னா கழட்டிப் போடலாம், வீட்டை என்ன பண்றது?" என்பது அவன் கேள்வி. எனக்கு அந்தக் கதி வரக்கூடாது. இன்னொரு வீடு வாங்க எனக்குக் காசும் இல்லை, தெம்பும் இல்லை.

பெரிய வீடு வேண்டாம். அழகு வேண்டாம். கூரை ஒழுகினாலும் பொறுத்துக்கொள்வேன். சத்தம் மட்டும் கூடாது. அந்த ஒன்றைப் பார்த்துச் சொல்.

துறைமுகத்திலிருந்து இரண்டு தடவை போன் செய்தேன். "ம்... ம்... சரி" என்று சொல்லி வைத்துவிட்டாய். என் மேல் ஏதாவது வருத்தமா?

தம்பி

*

பிப்ரவரி 9

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். காலும் நானும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு போகிறோம். நீ வேளைக்குச் சாப்பிடு. பாப்பாவுக்கு வாந்தி நிற்கவில்லையாம்.

உன் மேல் எனக்கு என்ன வருத்தம், பைத்தியக்காரா. போனில் எனக்குப் பேச்சு ஓடாது. கரகரவென்று ஏதோ கேட்கிறது, அதற்குள் காசும் ஓடுகிறது. எழுது. எழுதினால் இரண்டு தடவை படிக்கலாம்.

வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டேன். மில் கிடங்கில் மத்தியானம் வரைதான் வேலை. தறியிலிருந்து என்னைத் துணி பார்க்கும் மேசைக்கு மாற்றிய பிறகு அது ஒன்றுதான் சௌகரியம். வேலை விட்டதும் தரகரோடு கிளம்பிவிடுகிறேன். அந்த ஆள் வாய்க்குள்ளேயே பேசுகிறார். திரும்பக் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார். இப்போதெல்லாம் எவருக்கும் வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை. பஸ்ஸில், கடையில், எங்கே பார்த்தாலும் முணுமுணுப்புதான்.

முதல் வீடு பளபளவென்று இருந்தது. எனக்கு அங்கேயே சந்தேகம். துணியில் குறை பார்க்க வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிப்போம். சுவரைச் சாய்க்க முடியாதே, நான் சாய்ந்து பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் கொப்பளித்திருந்தது. உள்ளே ஈரம். "அது ஒண்ணும் இல்லம்மா" என்றார் தரகர். ஒன்றும் இல்லாததற்கு ஏன் அந்த இடத்தில் மட்டும் இரண்டு பூச்சு?

அடுத்தது நல்ல வீடு, ஆனால் வாசலை ஒட்டி லாரிகள் திரும்புகின்றன. நின்று பார்த்தேன், ஒன்று போனால் ஒன்று. உனக்கு ஆகாது.

மூன்றாவது வீட்டில் எல்லாம் சரி. ஆனால் விற்கிறவரின் மனைவி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி நின்றாள். அழுகிறவளிடமிருந்து சாவியை எப்படி வாங்குவது? வந்துவிட்டேன்.

அலைச்சல்தான். ஆனாலும் உன் மாமா போன பிறகு என்னை நம்பி ஒருவர் ஒரு காரியம் சொன்னது இதுதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன்.

உன் அக்கா

*

மார்ச் 7

அக்காவுக்கு,

கடிதம் இன்றுதான் கிடைத்தது. இருக்கிறேன். மூன்று நாளாகக் கடல் சரியில்லை, நின்றுகொண்டே சாப்பிட்டுக் கண்ணை மூடுகிறோம்.

நீ பார்க்கிற பார்வையில் எந்த வீடும் தேறாது போலிருக்கிறது. குறை இல்லாத துணி உண்டா? அழுகிறாள், சிரிக்கிறாள் என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் நான் கிழவனாகி உன் வாசலில் வந்து நிற்பேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று. சில சமயம் நான் சொல்வதை நீ காதிலேயே போட்டுக்கொள்வதில்லையோ என்று தோன்றுகிறது.

கோபித்துக்கொள்ளாதே. தூங்காதவன் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

தம்பி

*

ஏப்ரல் 4

தம்பி,

உனக்கு வீடு கிடைத்துவிட்டது! முதலில் இதை எழுதிவிட்டுத்தான் மற்றது. நான் சுகம். பாப்பாவும் தேவலை.

ஊரின் அந்தக் கோடியில், கடைசித் தெருவில், முனை வீடு. இரண்டு அறை, ஒரு கூடம். அந்தச் சமையலறையை நீ பார்க்க வேண்டும். மேடைக்கு மேலே நீளமாக ஒரு ஜன்னல். காலையில் போனேன், வெயில் நேராக வந்து மேடையில் விழுகிறது. உப்பா சர்க்கரையா என்று நக்கிப் பார்க்க வேண்டாம், கண்ணாலேயே தெரியும். என் அறையில் மத்தியானத்திலும் விளக்குப் போட்டுத்தான் ஊசியில் நூல் கோக்கிறேன். இங்கே உட்கார்ந்தால் ஒரு இழை விட்டுப்போனதைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதில் ஒரு அணில். அது வாலை ஆட்டுகிற ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். தரகர் தோளைத் தட்டித்தான் கூப்பிட்டார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். தெருவில் வண்டி கிடையாது, அதோடு தெரு முடிகிறது. எதிரில் காலி மனை. பக்கத்து வீட்டில் வயதான கணவன் மனைவி, சிரித்த முகம். பின்னால் மதிலுக்கு அந்தப்புறம் ஒரு தகரக் கொட்டகை. என்ன அது என்று விசாரித்தேன். அட்டைப்பெட்டி செய்கிறார்களாம். அட்டைக்கு என்ன சத்தம் வரப்போகிறது? இருந்தாலும் உன் சமையல்காரன் கதை ஞாபகம் இருந்ததால் காலையில் ஒரு தடவை, வேலை நாளில் மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று போய் நின்று பார்த்தேன். அப்படியொரு அமைதி தம்பி. மில்லில் கழித்த காலத்துக்கெல்லாம் சேர்த்து அங்கே உட்காரலாம் போலிருந்தது.

ஈரம் இருக்கிறதா என்று சுவரெல்லாம் கை வைத்துப் பார்த்தேன். காய்ந்த சுவர். கை மட்டும் லேசாக நடுங்கியது. எனக்கும் வயசாகிறதே.

சீக்கிரம் பதில் போடு. வேறு யாரோ இரண்டு பேர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அக்கா

*

ஏப்ரல் 26

அக்காவுக்கு,

நலம். நீ மூன்று வேளையும் போய் நின்று பார்த்ததற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? முடித்துவிடு. இந்தக் கடிதத்தோடு வங்கிக்கும் எழுதிவிட்டேன்.

சமையல்காரனிடம் சொன்னேன். "அக்கா பாத்தாங்களா? அப்பக் கவலை இல்ல" என்றான். அவனுக்கு அக்கா இல்லை.

தம்பி

*

ஜூன் 15

தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? இங்கே எல்லாம் நல்லபடியாக முடிந்தது. பதிவு ஆபீசில் நாற்காலி கிடைக்காமல் பாதி நாள் நின்றேன். முழங்கால் வீங்கிப்போயிற்று. பரவாயில்லை. சாவி கைக்கு வந்துவிட்டது.

அதற்கப்புறம் கிடங்கு விட்டதும் இரண்டு பஸ் மாறி அங்கே போய்விடுகிறேன். பெருக்கி, துடைத்து, ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து வைத்தேன். வேலை முடிந்ததும் சமையலறைச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் உட்காருவேன். முதுகு, கை எல்லாம் மெதுவாக நடுங்கும். முதலில் பயமாக இருந்தது, அப்பாவுக்கு வந்த நடுக்கம்தான் எனக்கும் வந்துவிட்டதோ என்று. ஆனால் வேறெங்கும் அப்படி இல்லை, அந்த வீட்டில்தான். சந்தோஷத்தில் உடம்பு நடுங்கும் என்பார்களே, அதுவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். வீடு உன்னுடையது, சந்தோஷம் எனக்கு. இது என்ன கணக்கோ.

பாப்பாவுக்கு ஆகஸ்ட் முதல் வாரம் நாள் குறித்திருக்கிறார்கள். நான் அடுத்த மாதமே கிளம்ப வேண்டும். திரும்ப மூன்று மாதமாவது ஆகும். நீ வரும்போது நான் இருக்க மாட்டேன். இரண்டு வீட்டுச் சாவியும் என் தெருமுனைத் தையல்காரம்மாவிடம் இருக்கும். முடிந்தபோது என் அறைக்கும் ஒரு நடை போய் அந்தப் பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்று. இருட்டு அறையிலும் பிடிவாதமாக வளர்கிற செடி அது ஒன்றுதான்.

வந்து இறங்கியதும் முதல் வேலையாக நன்றாகத் தூங்கு.

அக்கா

*

ஆகஸ்ட் 11

அக்காவுக்கு,

தாயும் குழந்தையும் சுகம் என்று தந்தி மாதிரி ஒரு வரி வந்தது. சந்தோஷம். பெண் குழந்தைக்கு என் ஆசீர்வாதம்.

என் சுகத்தைக் கேட்காதே.

நான் வந்து இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீடு நீ சொன்னபடியேதான் இருந்தது. தரையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. அன்றைக்குப் படுத்தவன் அப்படியே அடித்துப் போட்டது போலத் தூங்கினேன். திங்கட்கிழமை காலை டமால் என்று ஒரு சத்தம். எஞ்சின் வெடித்துவிட்டது என்று எழுந்து ஓடினேன். கதவைத் திறந்தால் வேப்பமரம் நிற்கிறது. அப்புறம்தான் நான் கரையில் இருக்கிறேன் என்றே ஞாபகம் வந்தது.

அட்டைக்கு என்ன சத்தம் என்று எழுதினாயே, வந்து கேள். அட்டையை வெட்டுகிற பிரஸ் ஒன்று, மடிக்கிற மெஷின் ஒன்று. வெட்டுகிறது டமால். மடிக்கிறது கடகடகட. காலையில் ஆரம்பித்தால் இருட்டும் வரை. ஆர்டர் அதிகமானால் அதற்கு மேலும். டம்ளரில் தண்ணீர் வைத்தால் வட்டம் வட்டமாக ஆடுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். "உங்க அக்கா கிட்ட சொன்னேனே தம்பி, அவங்க சிரிச்சுக்கிட்டே தலையாட்டிட்டுப் போனாங்க" என்கிறார்.

மூன்று வேளை போய் நின்றாயே, ஒரு வேளையாவது காதில் விழவில்லையா? காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா போனாய்? நான் கேட்டது ஒன்றே ஒன்று அக்கா. ஒழுகினாலும் சரி என்றேனே. வெயில் விழுகிறது, அணில் ஆடுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதினாய். அணிலைப் பார்க்கவா நான் அத்தனை வருஷம் அந்தச் சூட்டில் வெந்தேன்?

விற்றுவிடலாம் என்று தரகரைப் பார்த்தேன். "அந்தப் பெட்டிக் கம்பெனி வந்ததுல இருந்து அங்க யாரும் வாங்கறதில்ல சார். நீங்கதான் வாங்குனீங்க" என்கிறார். சமையல்காரன் கேட்டால் சிரிப்பான்.

தம்பி

*

ஆகஸ்ட் 30

அக்கா,

என் கடிதம் வந்ததா? பதில் இல்லை. குழந்தைக்குச் சுகமில்லையா?

அப்படி எழுதியிருக்க வேண்டாம். ஆனால் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லையே. ஏதாவது ஒரு வார்த்தை எழுது.

தம்பி

*

செப்டம்பர் 6

அன்புள்ள மாமாவுக்கு,

நான்தான் எழுதுகிறேன், உங்கள் அக்கா மகள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தை நன்றாக இருக்கிறாள். அம்மாவும் இருக்கிறாள்.

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுதச் சொன்னேன். "எழுதறேன் எழுதறேன்" என்கிறாள், பேனாவை மட்டும் தொடவில்லை. அதனால் அவளுக்குத் தெரியாமல் நான் எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் காது கேட்கவில்லை மாமா. கொஞ்சநஞ்சம் இல்லை, ஏறக்குறைய முழுசாகவே. எனக்கே இங்கே வந்த பிறகுதான் தெரியும். குழந்தை பிறந்த புதிதில் ஒரு நாள் நான் குளித்துவிட்டு வருகிறேன், தொட்டிலில் குழந்தை வீறிட்டுக் கத்துகிறாள், முகமெல்லாம் நீலம் பாரித்திருக்கிறது. அம்மா கை எட்டும் தூரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். "என்னம்மா, பிள்ளை இப்படிக் கத்துது, உனக்குக் கல்லு நெஞ்சா?" என்று கத்தினேன். அதற்கும் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பிச் சிரித்தாள். "குளிச்சிட்டியா?" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது.

தறிக்கூடத்தில் இருந்த காலத்திலேயே ஆரம்பித்ததாம். எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுகிறாள். அதனால்தான் போனில் பேசுவதில்லை. கேட்காது என்று தெரிந்தால் எல்லாரும் அவளை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவார்களாம். "நான் இருக்கும்போதே என்னைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட கேப்பாங்கடி, அது எனக்கு வேண்டாம்" என்றாள்.

உங்கள் கடிதம் வந்த அன்று படித்துவிட்டு மடித்து வைத்தாள். சாப்பிடவில்லை. அப்புறம், "அந்த வீட்டுல சத்தம் இருக்காம்டி" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் தானாகவே காது டாக்டரிடம் கூட்டிப் போகச் சொன்னாள். காதுக்கு மெஷின் வைத்தாலும் பெரிதாகப் பலன் இருக்காது என்கிறார்கள்.

நீங்கள் திட்டியதில் தப்பில்லை மாமா. உங்களுக்குத் தெரியாது. ஆனால் இனிமேல் தெரியும்.

உங்கள் மருமகள்

*

செப்டம்பர் 14

அக்கா,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசு சரியில்லை.

பாப்பா எழுதிவிட்டாள். அவளைத் திட்டாதே. காதைக் கழற்றி வைத்துவிட்டா போனாய் என்று கேட்டேனே, அந்த வரியை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. கையால் எழுதியது, அழிக்க முடியாத தூரத்தில் உன்னிடம் இருக்கிறது. கிழித்துப் போட்டுவிடு. நான் ஒரு மடையன். எஞ்சின் அறையில் எங்களுக்கு வருஷா வருஷம் காது பரிசோதிப்பார்கள். உங்கள் மில்லில் பரிசோதித்தார்களா என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

நேற்று உன் அறைக்குப் போனேன். வந்த அன்று சாவி வாங்கியதோடு சரி, அப்புறம் கோபத்தில் அந்தப் பக்கமே போகவில்லை. செடி தலையைத் தொங்கப்போட்டுவிட்டது. தண்ணீர் ஊற்றிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்று உன் கட்டிலில் கொஞ்சம் சாய்ந்தேன். கண் விழித்தபோது வெளியே விளக்குப் போட்டிருந்தார்கள். தையல்காரம்மா கதவருகில் நின்று, "உயிரோட இருக்கீங்களான்னு பாக்க வந்தேன்" என்கிறார்.

அக்கா, நான் அப்படித் தூங்கியதே இல்லை. சந்துக்குள் சந்து, அதற்குள் உன் அறை. மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஒரு சத்தம் வரவில்லை, ஒரு வெளிச்சம் வரவில்லை. உனக்கு இருட்டுக் குகை, எனக்கு அதுதான் வேண்டும்.

திரும்பி வந்து உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். முதல் மூன்று வீட்டைப் பற்றி எழுதும்போது உன் எழுத்து முக்கி முனகி நடக்கிறது. இந்த வீடு வந்ததும் ஓடுகிறது. உப்பும் சர்க்கரையும் கண்ணாலேயே தெரியும் என்று எழுதியிருந்தாயே. நான் அதை வளவளப்பு என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். ஆயுசு முழுக்க வாடகை இருட்டில் இருந்தவள் எழுதியது என்று இப்போதுதான் புரிகிறது.

இந்த ஊரிலேயே இந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கக்கூடிய ஆள் நீ ஒருத்திதான். அதனால் நீ இங்கே வா. நான் அங்கே போகிறேன்.

தம்பி

*

அக்டோபர் 2

தம்பிக்கு,

குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறாள். நான் இருக்கிறேன்.

உன் பெருந்தன்மை எனக்கு வேண்டாம். வீட்டைக் கெடுத்துக் கொடுத்தவளுக்கே வீட்டைக் கொடுப்பதா? நீ ஒருவரிடமும் கை நீட்டாமல் சம்பாதித்தது. எப்பாடு பட்டாவது அதை விற்று உனக்கு வேறு பார்.

கேட்காது என்று அப்போதே சொல்லியிருந்தால் வேறு ஆளை அனுப்பியிருப்பாய். அதற்குத்தான் சொல்லவில்லை. கண் இருக்கிறதே, போதும் என்று நினைத்தேன். லாரியைப் பார்த்தால் சத்தம் தெரிகிறது. வாயாடும் பக்கத்து வீட்டைப் பார்த்தால் தெரிகிறது. தகரத்துக்குப் பின்னால் இருப்பதை எந்தக் கண்ணால் பார்ப்பது? உனக்காகப் போனவள் எனக்காகப் பார்த்துவிட்டேனோ என்று யோசித்து யோசித்து இங்கே பாதி நேரம் போகிறது. குழந்தையோடு என்னைத் தனியாக விடவே பாப்பா யோசிக்கிறாள். அவள் சொல்லவில்லை. அதுவும் கண்ணுக்குத் தெரிகிறது.

அலுத்துவிட்டது தம்பி. என்னை விடு.

அக்கா

*

அக்டோபர் 13

அக்காவுக்கு,

நலம். தினமும் தூங்குகிறேன்.

பெருந்தன்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் பெட்டி, ஸ்பேனர் பை, காக்கிச் சட்டை எல்லாம் உன் அறைக்கு வந்துவிட்டன. தையல்காரம்மா சாட்சி. என்னை இங்கிருந்து கிளப்ப வேண்டுமென்றால் நீ ஆள் வைத்துத்தான் கிளப்ப வேண்டும். உன் பாத்திரங்களை அங்கே கொண்டுபோய் வைத்து, சமையலறை ஜன்னலுக்குக் கீழே உன் நாற்காலியையும் போட்டுவிட்டேன்.

பெட்டிக் கம்பெனி மேனேஜரைப் பார்த்து, "எங்க அக்கா வர்றாங்க, மெஷினை எவ்வளவு வேணும்னாலும் ஓட்டிக்குங்க" என்றேன். இப்படி ஒரு ஆளை அவர் பார்த்ததே இல்லையாம்.

வாசலில் மணி அடித்தால் கூடத்தில் ஒரு விளக்கு எரிகிற மாதிரி வயர் இழுத்திருக்கிறேன். அணில் இருக்கிறது.

வா.

தம்பி

*

நவம்பர் 19

தம்பிக்கு,

ஒரே ஊருக்குள் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. நேரில் என்றால் நீ கத்த வேண்டும், உனக்குத் தொண்டை கட்டும். தையல்காரம்மா மகளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நேற்று நீ பெட்டியை இறக்கி வைத்துவிட்டுப் போன பிறகு நான் ஒன்றையும் பிரிக்கவில்லை. ஜன்னல் நாற்காலியில் உட்கார்ந்தேன். வெயில் மேடையை விட்டுத் தரைக்கு இறங்கி, தரையை விட்டும் போகிற வரை எழுந்திருக்கவில்லை. யாரும் எழுப்பவும் இல்லை. என் வீடு என்று வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். சத்தமாகச் சொன்னேனா, மெதுவாகச் சொன்னேனா என்று தெரியாது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார், அதனால் சத்தமாகத்தான் சொல்லியிருப்பேன்.

இன்று காலை பாத்திரம் அடுக்கும்போது சுவரில் கையை ஊன்றினேன். நடுங்கியது. பயமும் வந்துவிட்டது. பாப்பா வீட்டில் இருந்தவரை ஒரு நாளும் நடுங்காத கை இங்கே வந்ததும் நடுங்குகிறதே, இனிச் சந்தோஷம் என்றும் சொல்லிக்கொள்ள முடியாதே என்று கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். மத்தியானம் ஆயிற்று. பின்னால் பெட்டிக் கம்பெனி ஆட்கள் சாப்பாட்டுத் தூக்கோடு வேப்பமரத்தடிக்கு வருவது ஜன்னலில் தெரிந்தது. நடுக்கம் நின்றுவிட்டது. அவர்கள் சாப்பிட்டு, கை கழுவி, உள்ளே போனார்கள். நடுக்கம் வந்துவிட்டது.

நான் கையை எடுத்து வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தேன். ஆடாமல் அசையாமல் நின்றது. திரும்பச் சுவரில் வைத்தேன். நடுங்குவது சுவர் தம்பி. என் கை இல்லை. வயசும் இல்லை, அப்பாவுக்கு வந்த நோயும் இல்லை. ஏப்ரலிலிருந்து இந்த வீடு என்னிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, நான்தான் என் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உட்கார்ந்து அழுதேன். அப்புறம் ஊசியை எடுத்து நூல் கோத்தேன். முதல் தடவையிலேயே போய்விட்டது.

தூங்கி எழுந்ததும் சாப்பிட வா. மணியை அடி, விளக்கு எரியும். அந்தப் பூச்சட்டியை மட்டும் நீயே வைத்துக்கொள், அதற்கு அந்த இருட்டு பழகிவிட்டது.

உன் அக்கா